கிழமைக்கு ஒரு குளிசை

என்னைப் பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் நடந்ததை முதலிலிருந்து சொல்லிச் சொல்லி வாய் அலுத்துவிட்டது. கேட்டுக்கொண்டு போகிறவர்கள் ஆளுக்கொரு விதமாக ஊரில் சொல்கிறார்கள். எனக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்று ஒரு கதை. கனடாவிலிருந்து வந்த நஞ்சை விழுங்கிவிட்டேன் என்று இன்னொரு கதை. "ஒருக்கா எழுதி வையுமன், வாறவைக்கு வாசிக்கக் குடுப்பம்" என்றார் என் கணவர். அவர் பகிடிக்குத்தான் சொன்னார். நான் கொப்பியை எடுத்துவிட்டேன்.

என் பெயர் பவானி. கிளிநொச்சிக்குப் பக்கத்தில் அக்கராயனில் இருக்கிறோம். கணவர் சிவநேசனுக்குக் குளத்துக்குக் கீழே மூன்று ஏக்கர் வயல். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் கமநல நிலையத்தில் எழுதுவினைஞராக இருந்து போன வருடம்தான் ஓய்வு பெற்றேன். விவசாயிகளுக்குப் பசளை கொடுக்கிற மேசை என்னுடையது. ஏக்கருக்கு இவ்வளவு யூரியா, இத்தனையாம் நாள் போடவேண்டும், அதற்கு மேல் போட்டால் பயிர் பசேலென்று எழும்பிப் பிறகு சாய்ந்து விழும் என்று வருகிறவர்கள் எல்லோருக்கும் சொல்வேன். தலையாட்டிவிட்டுப் போவார்கள். போய், மிச்சம் இருப்பதையும் சேர்த்து வயலில் எறிவார்கள். வைத்திருந்தால் கட்டிபட்டுப் பழுதாகிவிடுமாம், வீணாக்கக் கூடாதாம். அவர்களை நான் ஏசாத ஏச்சு இல்லை. நான் செய்த வேலையைக் கேட்டால் அவர்கள் எல்லோரும் சேர்ந்து என்னை ஏசலாம்.

மூன்று வருடத்துக்கு முன் எனக்கு முழங்கால் நோகத் தொடங்கியது. கதிரையிலிருந்து எழும்பும்போது கையை ஊன்றித்தான் எழும்புவேன். இதை என் தங்கை சுகந்தியிடம் சொன்னேன். அவள் கனடாவில் இருக்கிறாள், வயோதிபர் இல்லமொன்றில் இரவு வேலை. என்னைவிட ஐந்து வயது இளையவள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் எடுப்பாள்.

"உனக்கு எலும்புச் சத்துக் குறைஞ்சிருக்கும் அக்கா. எனக்கும் உப்பிடித்தான் நொந்தது. பொறு, நான் அனுப்புறன்" என்றாள்.

அனுப்பியது போன வருடம், ஊர்க் கோயில் பொங்கலுக்கு வந்த ஒருவரிடம். சொக்லேட், சவர்க்காரம், இந்த வெயிலுக்கு ஒரு கம்பளிச் சட்டை, இவற்றோடு பச்சை நிறக் குளிசைகள் நிறைந்த ஒரு சின்னப் பிளாஸ்ரிக் பை. போத்தல் இல்லை. நிறை கூடுமென்று எல்லாவற்றையும் பெட்டியிலிருந்தும் போத்தலிலிருந்தும் எடுத்துப் பையில் போட்டு அனுப்புவது அவள் வழக்கம். அதனால் பையில் எழுத்தொன்றும் இல்லை.

"கிழமைக்கு ஒண்டு அக்கா. ஞாயிற்றுக்கிழமை போடு, மறக்கமாட்டாய். பழசும் புதுசும் கலந்து கிடக்கு, சிலதுக்கு டேட் கிட்டுது, கவனம்."

பையை மேசையில் கொட்டி எண்ணினேன். எண்பதுக்கு மேல் இருந்தன. கிழமைக்கு ஒன்று என்றால் முடிக்க ஒன்றரை வருடம் போகும். அதற்குள் திகதி முடிந்துவிடும். இரவிரவாகக் கண்விழித்து, யாரோ கிழவர்களுக்கு உடுப்பு மாற்றி உழைத்த காசில் அவள் வாங்கியது, அதைக் குப்பையில் போடவா? நஞ்சா, மருந்தா, சத்துத்தானே, கூடினால் பலம் கூடும் என்று நினைத்தேன். நாளுக்கொன்று போடத் தொடங்கினேன். அதோடு கிளிநொச்சிப் பாமசியில் வாங்கிய கல்சியக் குளிசை காலை ஒன்று, மாலை ஒன்று. பால்மா இரண்டு கோப்பை. சுகந்திக்கு இதைப்பற்றி மூச்சு விடவில்லை. கேட்டால், ஞாயிறு ஞாயிறு போடுகிறேன் என்பேன். ஞாயிறும் போட்டேன்தானே.

முதல் மாதம் முழங்கால் நன்றாக இருப்பது போலிருந்தது. இரண்டாவது மாதம் தாகம் தொடங்கியது. எவ்வளவு குடித்தாலும் நாக்கு ஒட்டியது. அதற்கேற்ப மூத்திரமும். வயிறு இறுகி, நாலைந்து நாளைக்கு ஒருமுறைதான் வெளிக்குப் போனேன். பிறகு சோற்றைக் கண்டாலே ஓங்காளித்தது. கையில் வளையல் கழன்று விழுகிற அளவுக்கு மெலிந்துவிட்டேன். எல்லாவற்றிலும் என்னைப் பயப்படுத்தியது தலையில் வந்த மந்தம். ஒருநாள் கிணற்று மோட்டரைப் போட்டுவிட்டு, எதற்குப் போட்டேன் என்று தெரியாமல் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். தொட்டி வழிந்து காலடியில் தண்ணீர் வந்த பிறகும் தெரியவில்லை. கணவர் வந்து மோட்டரை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். உள்ளே போய் மோட்டார் சைக்கிள் திறப்பை எடுத்துக்கொண்டு வந்தார்.

கிளிநொச்சியில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கிரியேட்டினின் கூடியிருந்தது. அது தசையிலிருந்து வரும் ஒரு கழிவு, சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்தால் அதை வெளியேற்றிவிடும், இரத்தத்தில் தேங்கினால் சிறுநீரகம் களைத்துவிட்டது என்று அர்த்தம். டொக்டர் விளக்கமாகத்தான் சொன்னார். என் காதில் விழுந்தது ஒரு சொல்தான். எங்கள் பக்கத்தில் வயல் செய்கிற குடும்பங்களில் "கிட்னி வருத்தம்" என்றால் அதற்குமேல் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். கிணற்றுத் தண்ணீரும் வயலுக்கு அடிக்கும் மருந்தும்தான் காரணம் என்று முடிவுகட்டி, வீட்டுக்காரரை ஒருமாதிரிப் பார்ப்பார்கள். அவ்வளவுதான்.

"என்ன மருந்துகள் எடுக்கிறனீங்கள் அம்மா?" என்று டொக்டர் கேட்டார்.

"ஒண்டும் இல்லை."

"பிறஷர், சீனி, ஒண்டுமில்லையோ? ஆயுள்வேதம், நாட்டு மருந்து?"

"சீச்சீ, நான் மருந்தே தொடுறேல்லை."

பெருமையாகத்தான் சொன்னேன். வவுனியாப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள், அங்கே வாட்டில் சேர்க்கும்போது இதே கேள்வி, இதே பதில். கட்டிலில் படுத்த பிறகு தாதி மிஸ் ஒருவர் வந்து மூன்றாவது தடவையும் கேட்டு எழுதினார். மூன்று தடவையும் பொய் சொல்கிறேன் என்ற நினைப்பே எனக்கு இல்லை. மருந்தென்றால் வருத்தத்துக்குப் போடுவது. சுகந்தி அனுப்பியது சொக்லேட்டோடும் சவர்க்காரத்தோடும் வந்த சாமான். அதை யார் மருந்துக் கணக்கில் சேர்ப்பார்கள்?

கணவர் வவுனியாவுக்குப் பக்கத்தில் நெளுக்குளத்தில் தன் மச்சாள் வீட்டில் தங்கினார். பார்வையாளர் நேரம் மணி அடிக்க முன்பே சாப்பாட்டுக் கூடையோடு வாசலில் நிற்பார். இரண்டாம் நாள் வந்தபோது அவர் கண் சிவந்திருந்தது.

"ஊருக்குப் போய்க் கிணத்தை மூடிப்போட்டன்" என்றார்.

"எதுக்கு?"

"தகரத்தைப் போட்டுக் கல்லு வைச்சிட்டு வந்தனான். இனி அதில ஒரு சொட்டும் நீர் குடிக்கக் கூடாது. வடிகட்டின தண்ணி கானில வாங்குவம்." கூடைக் கைப்பிடியைத் தடவினார். "வயலுக்கு நான் அடிச்ச மருந்துதான் பவானி. இத்தினை போகம். எல்லாம் உமக்குத்தான் இறங்கியிருக்கு."

எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. புல்லுக்கு மருந்து அடித்துவிட்டு வந்தால் கை கால் கழுவாமல் வாசற்படி ஏறாத மனிதர். அவரையும் நான்தான் தேற்றவேண்டியிருந்தது. தேற்றிவிட்டு, கூடையில் அவர் கொண்டு வந்திருந்த சுகந்தியின் பையை வாங்கித் தலையணைக்குக் கீழ் வைத்தேன். வீட்டு அலுமாரியில் இருந்ததை நான்தான் எடுத்துவரச் சொல்லியிருந்தேன். ஆஸ்பத்திரியில் கிடந்து மெலியும்போது சத்தை விடலாமா? ஒரு கையில் சேலைன் ஏறிக்கொண்டிருக்க, மறு கையால் காலையில் பச்சைக் குளிசையை வாயில் போட்டுக்கொண்டிருந்த பெரிய புத்திசாலி நான்.

எங்கள் வாட்டுக்குப் பொறுப்பான டொக்டர் ஒரு இளம் பெண். ஸ்கான் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நெற்றியைச் சுருக்கினார்.

"வழமையா இந்தப் பக்கம் வாற கிட்னி வருத்தத்தில கிட்னி சுருங்கிப்போயிருக்கும் அம்மா. உங்கட ரெண்டும் நல்ல அளவாய் இருக்கு."

"அப்ப நல்லதுதானே டொக்டர்?"

"நல்லது. ஆனா ஏன் வேலை செய்யேல்லை எண்டுதான் தெரியேல்லை. உங்கட இரத்தத்தில கல்சியமும் கனக்க இருக்கு. இவ்வளவு கல்சியம் எங்கையிருந்து வருது எண்டு தேடவேணும்."

தேடுவது என்றால் என்னவென்று அடுத்த இரண்டு நாளில் தெரிந்தது. கழுத்தில் கல்சியத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு சின்னச் சுரப்பி இருக்கிறதாம், அது அளவுக்கு மிஞ்சி வேலை செய்கிறதா என்று ஒரு பரிசோதனை. நெஞ்சுப் படம். மார்பைத் தடவிப் பார்த்தார்கள். எலும்புக்குள் புற்றுநோய் இருந்தாலும் எலும்பு கரைந்து கல்சியம் இரத்தத்துக்கு வருமாம், அதற்கொரு பரிசோதனை, அது வேறு இடத்துக்குப் போய் வரவேண்டும். புற்றுநோய் என்ற சொல்லை டொக்டர் மெதுவாகத்தான் சொன்னார். எக்ஸ்றே அறைக்கு வெளியே வாங்கில் வரிசையாக இருக்கும்போது, எல்லோரும் கையிலிருக்கும் இலக்கத் துண்டையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், யாரும் யாருடைய முகத்தையும் பார்ப்பதில்லை. நானும் என் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பிறகு இவருக்கு யார் சமைத்துக் கொடுப்பார்கள் என்பதுதான் திரும்பத் திரும்ப வந்தது. அவருக்குத் தேத்தண்ணீர்கூட ஒழுங்காக ஊற்றத் தெரியாது.

நாங்கள் பயந்துகொண்டிருக்க, பார்க்க வந்த சொந்தக்காரர் என்னைத் தேற்றி எடுப்பதில் குறியாக இருந்தார்கள். ஒருவர் குரக்கன் புட்டு. ஒருவர் நெத்தலிச் சொதி, முள்ளோடு தின்னச் சொல்லி. மச்சாள் பசுப்பால் காய்ச்சிச் சுடுதண்ணீர்ப் போத்தலில் கொடுத்தனுப்பினா. எல்லாம் கல்சியம். அன்பு என்று பார்த்தால் அந்த வாட்டில் என்னைவிடக் கொடுத்துவைத்தவர் இல்லை.

பக்கத்துக் கட்டில் றீற்றா அக்காவுக்கு. முல்லைத்தீவுக் கரையோரம், கணவரும் மகனும் கடலுக்குப் போகிறவர்கள். சீனி வருத்தத்தால் அவவின் சிறுநீரகம் செயலிழந்து மூன்று வருடம். கிழமையில் இரண்டு நாள் இயந்திரத்தில் இரத்தத்தைச் சுத்தப்படுத்த வேண்டும். இந்தத் தடவை காய்ச்சல் என்று வாட்டில் மறித்துவிட்டார்கள். கழுத்தில் செபமாலை, தலைமாட்டில் கிளினிக் கொப்பி. நல்ல வாய்காரி. நானும் அப்படித்தான், அதனால் ஒத்துப்போனோம்.

"வாழ்க்கை முழுக்கக் கருவாட்டுக்குள்ள கிடந்தனான் தங்கச்சி. இப்ப அதின்ர மணம் வந்தாலே மிஸ் ஏசுறா" என்று சிரிப்பா. உப்புக்கு அளவு, தண்ணீருக்கு அளவு. வாழைப்பழமும் இளநீரும் கூடாது, அவற்றில் பொட்டாசியம் அதிகம், பழுதான சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாது, தேங்கினால் இதயத்தை நிறுத்திவிடும். நல்ல சாப்பாடென்று நாங்கள் நினைப்பது இன்னொருவருக்கு நஞ்சாகலாம் என்று அவவிடம்தான் முதலில் கேட்டேன். கேட்டும் எனக்கு உறைக்கவில்லை.

நாலாம் நாள் காலை அவ மிகவும் களைத்துப்போய்க் கிடந்தா. இயந்திரத்தில் இருந்து வந்த அடுத்த நாள் அப்படித்தான் இருக்குமாம். எனக்கு மனம் கேட்கவில்லை. தலையணைக்குக் கீழிருந்த பையை எடுத்தேன்.

"அக்கா, இதில ஒண்டு போடுங்கோ. என்ர தங்கச்சி கனடாவில இருந்து அனுப்பினது. நல்ல சத்து."

அவ குளிசையை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தா. வாயில் போடவில்லை.

"நீங்களும் போடுறனீங்களோ?"

"ஓம், ஒவ்வொரு நாளும். இண்டைக்கும் போட்டன்."

"டொக்டருக்குத் தெரியுமோ?"

"உதுக்கு ஏன் டொக்டர்?"

றீற்றா அக்கா குளிசையைக் கைக்குள் மூடிக்கொண்டா. "எனக்கு ஒரு வாழைப்பழம் தின்னவும் உத்தரவு வேணும் தங்கச்சி. கேட்டுப்போட்டுப் போடுறன், குறை நினையாதேங்கோ."

கொஞ்சம் குறையாகத்தான் நினைத்தேன். அன்பாகக் கொடுத்ததை இப்படிப் பிடித்து வைத்திருக்கிறாவே என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டேன். டொக்டர் வந்ததும் அவ கையைத் திறந்து காட்டினா. "இது நான் போடலாமோ டொக்டர்? இந்தத் தங்கச்சி ஒவ்வொரு நாளும் போடுறவா."

டொக்டர் குளிசையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு என் கட்டில் விளிம்பில் இருந்துவிட்டார். டொக்டர்மார் கட்டிலில் இருப்பதை நான் அதற்குமுன் கண்டதில்லை.

"இது எத்தினை நாளாய் அம்மா?"

"ரெண்டரை மாதமாய். சத்துக் குளிசைதானே டொக்டர். எலும்புக்கு."

"வேற சத்துக் குளிசை?"

கல்சியத்தைச் சொன்னேன். பால்மாவைச் சொன்னேன். அவர் கண்ணை மூடித் திறந்தார். கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. கையிலிருந்த கடதாசித் துண்டின் பின்பக்கத்தில் இரண்டு வட்டம் கீறிக் காட்டினார்.

"விற்றமின் ரெண்டு சாதி அம்மா. B, C எல்லாம் தண்ணியில கரையிறது. கூடப் போட்டால் பெரும்பாலும் மூத்திரத்தோட போயிடும். அதுக்காக அள்ளிப் போடலாம் எண்டில்லை. A, D, E, K கொழுப்பில கரையிறது. அது லேசில வெளிய போகாது, உடம்பிலயே தங்கி நிக்கும். D கூடினால் சாப்பாட்டில இருக்கிற கல்சியத்தையெல்லாம் குடல் இழுத்து இரத்தத்தில விடும். நீங்கள் மேல கல்சியமும் குடுத்திருக்கிறியள். அந்தக் கல்சியம்தான் கிட்னியை அடிச்சிருக்கு. தாகம், மலச்சிக்கல், மறதி எல்லாம் அதால வரும். இது D தானோ, எவ்வளவு எண்டு எனக்கு நிச்சயமாய்த் தெரியவேணும். போத்தல் எங்க?"

போத்தல் கனடாவில். சுகந்திக்குப் போன் எடுக்கவேண்டும் என்றார். நான் மாட்டேன் என்றேன். சிறுநீரகம் போனாலும் பரவாயில்லை என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவளுக்கு எப்படிச் சொல்வது? தான் அனுப்பியதால் அக்கா ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள் என்று தெரிந்தால் அவள் உயிரோடு செத்துவிடுவாள். பார்வையாளர் நேரத்தில் கணவரைக் கூப்பிட்டு டொக்டர் சொன்னார். அவர் என்னை ஒரு சொல் ஏசவில்லை. தலையணைக்குக் கீழ்ப் பையை அவர் கையாலேயே கொண்டுவந்து தந்தவர் அல்லவா. வெளியே போய்ப் போன் எடுத்துவிட்டு வந்தார்.

"போத்தலைப் படம் பிடிச்சு அனுப்பச் சொல்லியிருக்கிறன். ஏன் எண்டு சொல்லேல்லை."

கொஞ்ச நேரத்தில் படம் வந்தது. டொக்டர் போனை வாங்கி விரலால் பெருப்பித்து வாசித்தார்.

"ஓம், விற்றமின் D. ஒண்டில ஐம்பதாயிரம் அலகு. கிழமைக்கு ஒண்டு எண்டு வடிவாய் எழுதியிருக்கு." நிமிர்ந்தார். "சுகந்தி எண்டிறது ஆர்?"

"என்ர தங்கச்சி. அவள்தான் அனுப்பினவள்."

"இது கடையில வாங்கினது இல்லை அம்மா. அவவுக்கு அவவின்ர டொக்டர் எழுதிக் குடுத்த மருந்து. போத்தலில அவவின்ர பேர்தான் இருக்கு. அவவுக்கு D குறைவாய் இருந்தபடியால்தான் குடுத்திருப்பினம்." கொஞ்சம் யோசித்தார். "எல்லாத்தையும் உங்களுக்கு அனுப்பினதெண்டால், அவ எதைப் போட்டவா?"

எண்பது கிழமை. மாதம் மாதம் பாமசியில் வாங்கி, ஒன்றைக்கூட விழுங்காமல், எனக்கென்று சேர்த்து வைத்திருக்கிறாள். வெயிலே இல்லாத நாட்டில், பகல் முழுக்கத் திரையை மூடி நித்திரை கொண்டு, இரவில் வேலைக்குப் போகிறவள். போன பனிக்காலத்தில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டவள். சின்ன அடி அக்கா, என்றாள் அப்போது. வெயில் கொளுத்துகிற வன்னியில் இருந்துகொண்டு நான் அவள் எலும்பைத் தின்றிருக்கிறேன். போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டு அழுதேன்.

"நீங்கள் இல்லைத் தங்கச்சி வருத்தக்காரி" என்றா றீற்றா அக்கா பக்கத்துக் கட்டிலிலிருந்து. "அங்க இருக்கிற பிள்ளைதான்."

அன்றிலிருந்து வைத்தியம் திசை மாறியது. பை டொக்டரிடம் போய்விட்டது. சேலைன் வேகம் கூடியது, கல்சியத்தை மூத்திரத்தோடு கழுவி எடுக்க. குடல் கல்சியத்தை இழுப்பதைக் குறைக்க ஒரு குளிசை. எலும்பிலிருந்து கல்சியம் கழன்று வராமல் தடுக்க ஓர் ஊசி. பால், தயிர், நெத்தலி, குரக்கன் எல்லாம் கொஞ்ச நாளைக்கு நிறுத்தம். வெயிலிலும் நிற்கக் கூடாது, தோல் வெயிலில் D செய்யுமாம். விற்றமின் அளவு பார்க்க இரத்தம் கொழும்புக்குப் போனது. வந்த முடிவைப் பார்த்து, இயந்திரம் காட்டக்கூடிய எல்லையைத் தாண்டிவிட்டது என்றார் டொக்டர். புற்றுநோய்ப் பரிசோதனைகள் ஒன்றும் இல்லையென்று வந்தன. கும்பிட்டேன்.

"ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு D காணும் டொக்டர்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அறுநூறு அலகு. வயசு போனால் எண்ணூறு."

முப்பது வருடம் பசளைக் கணக்குப் பார்த்தவளுக்குக் கடதாசி தேவைப்படவில்லை. ஒவ்வொரு நாள் காலையும் இரண்டு மாதத்துக்கு உரியதை ஒரே வாயில் விழுங்கியிருக்கிறேன்.

"கிட்னி திரும்பி வருமோ?"

"வரும் எண்டுதான் நினைக்கிறன். முழுக்க வரும் எண்டு வாக்குத் தரேலாது. அந்த விற்றமின் உங்கட கொழுப்புக்குள்ள இன்னும் நாலைஞ்சு மாதம் கிடக்கும். பொறுத்துப் பாப்பம்."

பொறுத்துப் பார்ப்பதுதான் கடினம். காலையில் இரத்தம் எடுப்பார்கள், மத்தியானம் முடிவு வரும். மிஸ் தூரத்தில் வரும்போதே அவவின் நடையைப் பார்த்து முடிவைச் சொல்லப் பழகிவிட்டேன், பாதி நாள் பிழையாக. ஒருநாள் இறங்கும். ஒருநாள் அசையாமல் நிற்கும். ஒருநாள் கொஞ்சம் ஏறியது, அன்று கணவரோடு காரணமில்லாமல் சண்டை பிடித்தேன். இன்னொரு பரிசோதனைக்குத் தள்ளிக்கொண்டு போனபோது, திறந்திருந்த கதவுக்குள்ளால் றீற்றா அக்கா இரத்தம் சுத்தப்படுத்தும் கதிரையில் கண்ணை மூடியபடி இருப்பதைப் பார்த்தேன். என் கதிரையும் அங்கேதான் காத்திருக்கிறதா என்று நினைத்தேன். அடுத்த நிமிடமே, எனக்கு அது வேண்டாம் என்று கடவுளிடம் கேட்பதற்கே வெட்கமாக இருந்தது. அவவுக்கும் வேண்டாம்தானே.

சுகந்தியுடன் கதைக்க எனக்கு நாலு நாள் சென்றது. அவளுக்குக் கணவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். போனை எடுத்ததும் அழுகைதான்.

"நான் உன்னைக் கொல்லப் பாத்திட்டன் அக்கா."

"விசரி, நீ கிழமைக்கு ஒண்டு எண்டுதானே சொன்னனீ. நான் நாளுக்கு ஒண்டு போட்டனான்."

அழுகை நின்றது. "என்னது?"

"டேட் முடியப்போகுது எண்டாய். வீணாப் போயிடுமெண்டு..."

"அக்கா! நீ பசளைக் கந்தோரில இருந்தவளோ இல்லையோ?" என்று கத்தினாள். வாட்டே திரும்பிப் பார்த்தது. கத்தட்டும் என்று விட்டேன். அந்த ஏச்சு எனக்குத் தேவையாக இருந்தது. முடித்த பிறகு நான் கேட்டேன்.

"நீ ஏன் உன்ர மருந்தைப் போடேல்லை?"

"கடையில விக்கிறது லேசான சாதி. இது டொக்டர் எழுதினது, நல்லது எண்டு நினைச்சன். உனக்கு முழங்கால் நோகுதெண்டாய். நான் எப்பிடியோ நடந்து திரியிறன்தானே."

"உன்ர கை?"

"அது பனி வழுக்கினது."

"சுகந்தி."

"சரி, அக்கா" என்றாள். டொக்டரிடம் திரும்பப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

பதினெட்டாம் நாள் வீட்டுக்கு விட்டார்கள். இப்போது ஆறு மாதமாகிறது. மாதம் ஒருமுறை கிளினிக். கல்சியம் சரியாகிவிட்டது. கிரியேட்டினின் வழமையான அளவுக்குச் சற்று மேலே வந்து நின்றுவிட்டது. ஒரு பங்கு போய்விட்டது, மிச்சத்தைக் கவனமாக வைத்திருந்தால் ஆயுளுக்குக் காணும் என்கிறார் டொக்டர். கணவர் கிணற்றுத் தகரத்தை எடுத்துவிட்டார், ஆனால் குடிக்க இன்னும் வடிகட்டின தண்ணீர்தான் வாங்குகிறார். எனக்கு வந்தது கிணற்றால் இல்லை என்றுதான் டொக்டர் சொன்னார், இந்தப் பக்கத்துக் கிணறுகள் எல்லாம் நல்லதென்று சொல்லவில்லை.

சத்துக் குளிசை கூடாது என்று நான் எழுத வரவில்லை. பிள்ளைத்தாச்சிகளுக்குக் கிளினிக்கில் கொடுக்கும் இரும்புச்சத்துக் குளிசையும் ஃபோலிக் அமிலமும் அவர்கள் போட்டே ஆகவேண்டும். றீற்றா அக்காவுக்கும் இதே D இன்னொரு வடிவத்தில் டொக்டர் கொடுக்கிறார், இரத்தம் பார்த்துப் பார்த்து, அளவோடு. தேவையான ஆளுக்கு, தேவையான அளவு. டொக்டர் மருந்தென்று கேட்டால் வெளிநாட்டுப் பையையும் சேர்த்துச் சொல்லுங்கள். இதைத்தான் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன், கேட்டுவிட்டு அவர்கள் கிட்னி போன கதையை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

சுகந்தியை அவளுடைய டொக்டர் திரும்பச் சோதித்தார். அவளுடைய அளவு மிகவும் கீழே. எலும்பும் மெலிந்திருக்கிறதாம். புதிதாக எழுதிக் கொடுத்திருக்கிறார், கிழமைக்கு ஒன்று. அவளை நம்பி விடுவதற்கு எனக்கு மனமில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போனில் முகம் பார்த்துத்தான் கதைக்கிறோம். முதல் வேலை அதுதான். போத்தலைக் காட்டவேண்டும், பெயரை நான் வாசிப்பேன். குளிசையை நாக்கில் வைத்துத் தண்ணீர் குடிப்பாள்.

"வாயைத் திற" என்பேன்.

"அக்கா, எனக்கு ஐம்பத்திநாலு வயசு."

"நாக்கைத் தூக்கு."

தூக்குவாள். கீழே ஒன்றும் இல்லையென்று பார்த்த பிறகுதான், எப்படியிருக்கிறாய் என்று கேட்பேன்.